இரவல் நாற்காலி

அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பிப்பதும், அடுத்த சொல் வாயில் வருவதற்குள் கண்ணாடி போட்ட அந்தப் பெண்ணின் சிரித்த முகம் குறுக்கே வந்து நிற்பதுமாக இருந்தது பிலோமினாளுக்கு. கல்லூரி வராந்தாவில் பெஞ்சு, மடியில் துணிப்பை, பைக்குள் வலது கை, கைக்குள் செபமாலை. வெளியே எடுத்து உருட்டினால் பார்க்கிறவர்கள் ஏதாவது நினைப்பார்கள் என்று உள்ளேயே உருட்டினாள். உருட்ட உருட்ட மணியோடு சேர்ந்து அந்தச் சேலையும் விரலில் தட்டுப்பட்டது. மடித்துத் திணித்து வைத்திருந்த சேலை. தட்டுப்படும்போதெல்லாம் கை சுட்டதுபோல் இழுத்துக்கொண்டது, மணி தப்பிப்போனது, மறுபடியும் முதலிலிருந்து. தாயே, எனக்குக் கோபம் வருது, செபமாலை கையில இருக்கும்போது வரக்கூடாது, ஆனா வருது, நான் என்ன செய்ய. எதிரே தூணில் சாய்ந்து ஜெனிட்டா நின்றாள். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. அம்மாவின் பக்கத்தில் உட்காரக்கூடாது என்றே நிற்கிறாள். போன வாரம் போனில் அந்தச் செய்தி வந்ததிலிருந்து இப்படித்தான். கைப்பிடித் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளத் தாங்கள் தகுதி பெறவில்லை, பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பம் என்பது வீட்டு விசாரணையில் உறுதிப்படவில்லை. அதைப் படித்துவிட்டுப் பிள்ளை அழவில்லை, கத்தவில்லை. “நீதாம்மா” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சோறு போட்டால் சாப்பிடுகிறாள், தண்ணீர் கேட்டால் கொடுக்கிறாள், பேச்சு இல்லை. கல்லூரியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கிற அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் ஃபீஸ் கிடையாது, விடுதிக்குக் காசு கிடையாது, புத்தகம் அவர்களே கொடுப்பார்கள், இங்கிலீஷ் தடுமாறுகிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். வேதியியல் படிக்கப்போகிறேன் என்று பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாள். இது இல்லையென்றால் நூல் மில்லு வேலைக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற மில்லு வேன்தான். வேன்காரன் ரெண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் விசாரணை ஒன்றும் செய்யவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தான், “பிள்ளைக்கு நல்லபடியா ரூமு, சாப்பாடு எல்லாம் குடுப்பாங்கக்கா, நாளைக்கே ஏத்திக்கிறேன்” என்றான். அவனுக்குத் தகுதி வேண்டியதில்லை. மில்லுக்கு எல்லாரும் தகுதிதான்.

வீட்டு விசாரணைக்கு வந்த அந்தப் பெண்ணின் பேர் ஹரிணி. நல்ல பெண்தான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். வருகிறதுக்கு முந்தின நாள் போன் செய்து, “அம்மா, நாளைக்குக் காலையில வீட்டுக்கு வரலாமா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிருவேன்” என்று கேட்டது. வரலாமா என்று கேட்டது. கேட்டுக்கொண்டு வருகிற பெண்ணை வெறும் வீட்டில் எப்படி உட்கார வைப்பது? வெங்காயப் பேட்டை வேலைக்கு லீவு போட்டாள். விடிந்ததிலிருந்து வீட்டைக் கழுவினாள். சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து அரிந்து விரலிடுக்கில் ஏறிப்போன வாசம் போகட்டும் என்று புளியைக் கரைத்துத் தேய்த்து, எலுமிச்சைத் தோலையும் தேய்த்தாள். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்காவிடம் போய், குஷன் வைத்த நாற்காலி ரெண்டும், எவர்சில்வர் தட்டும், டம்ளரும், நிற்கிற ஃபேனும் கேட்டு வாங்கினாள். பஞ்சவர்ணத்தின் சாமான் எதுவும் தெருவில் தொலையாது. எதில் பார்த்தாலும் பேர் இருக்கும். டம்ளரில் வே. பஞ்சவர்ணம் என்று வெட்டியிருக்கும், நாற்காலி முதுகில் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும், தெருவில் கல்யாணம் காதுகுத்து என்றால் எல்லாம் அங்கேயிருந்துதான் போகும், எல்லாம் பேரோடு திரும்பி வரும். புருசன் சேசுராஜ் மட்டும் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, “எதுக்குடி இம்புட்டு ஆர்ப்பாட்டம்” என்றான். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போனதிலிருந்து அவன் கட்டிலில்தான். “வர்றவுக படிச்சவுக, சும்மா இருங்க” என்று அவனைப் பின்பக்கத்துச் சாய்ப்புக்குக் கட்டிலோடு இழுத்து வைத்துவிட்டாள். அது ஏன் செய்தேன். கட்டிய புருசனை ஏன் மறைத்தேன். மூத்தவள் விக்டோரியாவின் கல்யாணத்துக்கு எடுத்த மெரூன் சேலையைக் கட்டிக்கொண்டாள், இன்றைக்கும் அதுதான். ஹரிணி வந்தது, குஷன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது, ஃபேன் காற்றில் முடி பறந்தது. பஞ்சவர்ணத்தின் ஃபிரிட்ஜிலிருந்து வந்த எலுமிச்சை ஜூஸைக் குடித்துவிட்டு, “நல்லா ஜில்லுன்னு இருக்கும்மா, ஃபிரிட்ஜ் இருக்கா?” என்றது. பிலோமினாள் சிரித்தாள். ஆம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது அது யார் வீட்டுத் தண்ணீர் என்று யார் சொல்லுவார்கள்? “வீட்டை எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க” என்றது. அந்தச் சொல்லைக் கேட்டு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்ததே, சந்தோசத்தில் இன்னும் ஒரு டம்ளர் ஊற்றினேனே, அந்த ரெண்டாவது டம்ளரை நினைத்தால் இப்போது நெஞ்சு எரிகிறது.

“மரிய ஸ்டெல்லா, பெற்றோர்” என்று கதவைத் திறந்து ப்யூன் கூப்பிட்டான். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் எழுந்து போனார்கள். அந்த அப்பாவின் சட்டைக் கைக்கு அடியில் கிழிந்திருந்தது. நிஜமாகவே கிழிந்ததா, கிழித்ததா? கர்த்தரே, இது என்ன நினைப்பு, இன்னொருத்தர் கிழிசலைப் பார்த்து இப்படி நினைக்கிற மனுசியா நான்? விசாரிக்க வருகிறவர்கள் கண் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இதெல்லாம் பஞ்சவர்ணம் செய்த வேலை. மறுபடியும் ஒரு மனு கொடுக்கலாம், கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று விசாரித்து வந்து சொன்னதும் அவள்தான், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினாளா? “ஏ பிலோமி, கிறுக்கச்சி, கஷ்டப்படுற குடும்பம்னு எழுத வந்தவகிட்ட என் நாற்காலியவா போடுவ? இந்தத் தடவ பேட்டைக்குக் கட்டுற சேலையக் கட்டிட்டுப் போ. கம்மலக் கழட்டு. தலையில எண்ணெய் வைக்காத. கண்ணுல ரெண்டு சொட்டு விடு. உனக்கு அது ஒரு கஷ்டமா, அந்த வெங்காயக் கைய ஒருக்காத் தேச்சுக்க, போதும்.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிலோமினாளும் சிரித்தாள், ஜெனிட்டா சிரிக்கவில்லை. பஸ்ஸில் அந்தச் சேலையோடு வர மனசில்லாமல் பையில் வைத்துக்கொண்டு, இங்கே வந்து பாத்ரூமில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். அது வேசம் இல்லையே. தினம் கட்டுகிற சேலைதானே. முந்தானை நைந்து, கொசுவம் பிரிந்து, ஊக்கு குத்தி, எத்தனை சோப்புப் போட்டாலும் வெங்காய வாடை போகாத என் சொந்தச் சேலை. பேட்டையில் கட்டினால் நிஜம். இந்த வராந்தாவுக்கு வந்து கட்டினால் அது பொய்யாகிவிடுகிறதே, எப்படி? அதே துணி, அதே கிழிசல். எங்கே வைத்து அது பொய்யாகிறது என்று நினைத்து நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேலே கோபம் என்றும் பிடிபடவில்லை. ஹரிணி மேலேயா, பஞ்சவர்ணம் மேலேயா, அந்தத் தூணில் சாய்ந்திருக்கிற கழுதை மேலேயா. பேச மாட்டாளாம். ஏழு வயசில் இவள் வெங்காயம் அரிகிற இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, ஏம்மா கண்ணு எரியுது, ஏம்மா கண்ணு எரியுது என்று உயிரை எடுத்தாள். அது அதோட சாபம், அறுக்கிறவளை அழ வைக்கும் என்று சொல்லி வைத்தேன். பிளஸ் ஒன்னில் ஒருநாள் ஓடி வந்து, சாபமில்லம்மா, அறுக்கும்போது ஒரு வாயு வருது, அது கண்ணீர்ல கலந்து அமிலமாகுது என்றாள். அந்த அமிலத்தில்தான் இத்தனை வருசமாக மூணு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுப்பிள்ளை சவரிராஜும் படிக்கிறேன் என்றுதான் சொன்னான். யாரிடம் போய்க் கேட்பது, எந்தக் கதவைத் தட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை, சேசுராஜுக்கும் தெரியவில்லை. இப்போது திருப்பூரில் பனியன் தைக்கிறான். தங்கச்சியவாவது விட்றாதம்மா என்று போனில் சொல்லும்போது அவன் குரலில் குறை ஒன்றும் இல்லை, அதுதான் குத்துகிறது.

பூ. அந்தப் பூ எங்கேயிருந்து இப்போது வருகிறது? வராந்தாவுக்கு வெளியே தொட்டியில் யாரோ டிசம்பர் பூச்செடி வைத்திருந்தார்கள், இந்த மாசத்தில் பூவில்லை, வெறும் செடி, அதுதான். எட்டாம் வகுப்பில் பிலோமினாளின் தலையில் இருந்தது அந்த ஊதாப் பூதான். கோயில் வேலியோரம் தானாக மண்டிக் கிடக்கும், யாரும் காசு கொடுத்து வாங்குகிற பூ இல்லை, மணமும் கிடையாது. இலவசச் சீருடை வேண்டிய ஏழைப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்றார் டீச்சர். பிலோமினாள் எழுந்து நின்றாள். நிற்கிறது அவளுக்குப் பழக்கம்தான், ஒவ்வொரு வருசமும் நின்றவள்தான். டீச்சர் மேலிருந்து கீழே பார்த்தார். “தலை நெறையப் பூ வைக்க முடியுது, சீருடை எடுக்க முடியலையோ?” என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. வேலியில பறிச்சதுங்க டீச்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் பூவைப் பிடுங்கிப் பெஞ்சுக்கு அடியில் போட்டாள். சீருடை வரவில்லை. அடுத்த வருசம் பள்ளிக்கூடமும் இல்லை. ஏழை என்றால் பூ வைக்கக்கூடாது. ஏழை என்றால் சிரிக்கக்கூடாது. வந்தவர்களுக்கு ஜில்லென்று கொடுக்கக்கூடாது. கொடுத்தால் நீ ஏழை இல்லை. பிறந்ததிலிருந்து, வெளியே தெரியாம நடந்துக்கோ, மானம் போகாம பாத்துக்கோ என்றுதானே எங்கம்மா சொன்னாள், பங்குச்சாமியார் சொன்னார், எல்லாரும் சொன்னார்கள். இத்தனை வருசம் பொத்திப் பொத்தி வைத்ததை, இன்றைக்குத் திறந்து காட்டு, சரியாகக் காட்டு, நாங்கள் பார்த்து எழுதுகிற மாதிரி காட்டு என்றால் எப்படித் திறக்கும்? அருள் நிறைந்த மரியே. உங்க பிள்ளையை மாட்டுக் கொட்டில்ல பெத்தீங்களே, வந்து பார்த்தவங்க மூணு பேரும் ராசாக்கள்தானே, ஏம்மா இங்க நாற்காலி இருக்கான்னு அவங்க கேட்டாங்களா, இருந்திருந்தா கொண்டாந்த பொன்னைத் திருப்பி எடுத்துட்டுப் போயிருப்பாங்களா? ஐயோ, இது என்ன பேச்சு. மன்னிச்சிருங்க தாயே. ஆனா பதில் சொல்லுங்க.

எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். ஜெனிட்டாவைக் கடக்கும்போது பையைப் பார்த்தது பிள்ளையின் கண். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. உள்ளே கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தி தலையைச் சாய்த்துக்கொண்டு காதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நத்தம் பக்கத்துச் சனம், பார்த்தாலே தெரிந்தது. “யக்கா, செத்த இந்தக் கம்மலக் கழட்டி விடுங்களேன். திருகாணி இறுகிக் கெடக்கு. பயலக் கூப்பிட்டுருவாய்ங்க.” பிலோமினாள் பையைச் சுவரில் மாட்டிவிட்டு அவள் காதைப் பிடித்தாள். “தங்கமா?” என்று கேட்டாள். “தங்கமா! கவரிங்குதேன். திருவிழாவுல வாங்குனது. ஆனா மின்னித் தொலைக்கிதே, என்ன செய்ய? எவனாச்சும் தங்கமுன்னு எழுதிப்புட்டா?” சோப்பை நுரைத்துப் போட்டுத் திருகினாள். அசையவில்லை. மறுபடி திருகினாள். காது மடல் சிவந்தது. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு, “இழுங்கக்கா, பரவால்ல, இழுங்க” என்றாள். துளைக்குப் பக்கத்தில் மினுக்கென்று ஒரு பொட்டு ரத்தம் வந்தது. பிலோமினாளின் கை நின்றுவிட்டது. ஒரு கவரிங் கம்மலுக்காக ஒரு பொம்பளையின் காதை நான் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியில் அவள் முகமும் இவள் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன, ரெண்டும் நன்றாகத் தலைவாரி, ரெண்டும் பொடிப் பிள்ளைகள்போல் பயந்து. “விடும்மா. இருக்கட்டும்” என்றாள். “பய சீட்டு போயிருமேக்கா?” போகாது என்று சொல்லப் பிலோமினாள் யார்? அந்தப் பெண் முந்தானையை எடுத்துக் காது ரெண்டும் மூடுகிறாற்போல் தலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, “குளிருதுன்னு சொல்லிக்கிறேன்” என்று வெளியே போனாள். வெயில் கொளுத்துகிற வைகாசி மாசம். பிலோமினாள் பைக்குள் கைவிட்டுச் சேலையைப் பாதி இழுத்தாள். வாடை குப்பென்று வந்தது. அப்படியே நின்றாள். கட்டுவதா, வைப்பதா. மில்லு வேனின் ஹாரன் சத்தம் காதுக்குள் கேட்டது. வெளியே, “ஜெனிட்டா, பெற்றோர்!” என்று ப்யூன் கத்தினான். “இந்தாம்மா, சீக்கிரம்.” யோசிக்க நேரமில்லை. ஈரக்கையோடு, மெரூன் சேலையோடு, பையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓடினாள்.

உள்ளே ஏசி போட்டிருந்தது. பெரிய மேஜை, அதற்கு அந்தப்பக்கம் நரைத்த தலையோடு ஒரு பேராசிரியர், பக்கத்தில் ஹரிணி. “உட்காருங்கம்மா” என்றார். குஷன் நாற்காலி. பிலோமினாள் உட்காரவில்லை, ஜெனிட்டாவும் நின்றாள். “பொண்ணு மார்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ரொம்ப முடியாத பிள்ளைகளுக்கான திட்டம். வீட்டுக்கு வந்தப்போ வசதி இருக்கற மாதிரித்தான் எழுதியிருக்காங்க.” அவர் பேசப் பேச, வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்த ஐயா, சாமி, தயவுபண்ணி எல்லாம் எங்கேயோ போய்விட்டது. கை தானாகப் பைக்குள் போனது. செபமாலை சிக்கிக்கொண்டு வந்தது, அதை விடுவித்துவிட்டு அந்தச் சேலையை எடுத்து மேஜையின் மேல் வைத்தாள். ஏசி அறை முழுக்க வெங்காய வாடை ஏறியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “இது நான் தினம் வேலைக்குக் கட்டுற சேலை சார். இன்னைக்கு இதைக் கட்டிட்டு வந்து அழுகச் சொன்னாங்க. என்னால முடியல. எம்மேல தப்புத்தான். வீட்டுக்கு வர்றவுக முன்னால இதைக் கட்ட மாட்டேன். உங்க வீட்டம்மாவும் கட்ட மாட்டாக.” குரல் தானாக உயர்ந்தது. அழுகையில்லை, அவளுக்கே தெரிந்தது, அழுகையில்லை. “அந்த நாற்காலி எங்களுது இல்ல. ஃபேன் எங்களுது இல்ல. ஃபிரிட்ஜ் இல்ல. எங்க வீட்டுக்காரர் பின்னால சாய்ப்புல படுத்திருந்தாரு, நான்தான் இழுத்துப் போட்டேன். எங்களுதுன்னா அந்தச் சுவத்துல இருந்த திருஇருதய ஆண்டவர் படந்தான்.” “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா?” என்றார் அவர், மெதுவாக. “கேட்டிருக்கலாமே சார். ஏம்மா இந்த நாற்காலி உங்களுதான்னு ஒரு வார்த்தை. இந்தப் பாப்பா குடிச்ச டம்ளர்லயே பக்கத்து வீட்டுக்காரி பேரு வெட்டியிருந்துச்சு.” ஹரிணியின் முகம் சிவந்தது. “பேர் பாத்தேன் சார். பஞ்சவர்ணம்னு இருந்துச்சு. இவங்க அம்மா பேரா இருக்கும், சீர்வரிசைன்னு நினைச்சேன்” என்றது. அப்போது ஜெனிட்டா முன்னால் வந்தாள். மேஜையிலிருந்த சேலையை எடுத்தாள். உதறவில்லை, சுருட்டவில்லை, பட்டுச் சேலையை மடிக்கிற மாதிரி கரையோடு கரை சேர்த்து, கிழிசல் உள்ளே போகும்படி மடித்து அம்மாவின் பையில் வைத்தாள். “மறுபடி ஒரு தடவை வீட்டுக்கு வர்றோம்” என்றார் பேராசிரியர், ஹரிணியைப் பார்த்து. “இந்த வாரத்துலயே. நானும் வர்றேன். ஆனா போன் பண்ண மாட்டோம்மா. சொல்லாமத்தான் வருவோம். அது வரைக்கும் இவ இடத்தை யாருக்கும் குடுக்கல.” “சொல்லாம வந்தா கடுங்காப்பிதான் சார் இருக்கும்” என்றாள் பிலோமினாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வெளியே வெயில். பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசவில்லை, ஆனால் பிள்ளை இப்போது முன்னால் நடக்கவில்லை, பக்கத்தில் நடந்தாள். இடம் இருக்கிறது, இன்னும் போகவில்லை என்று மனசு ஒரு பக்கம் ஆறினாலும் கோபம் இறங்கவில்லை. சொல்லாமல் வருவார்களாம். போலீஸ்காரன் மாதிரி. சட்டியைத் திறந்து பார்ப்பார்களோ, கட்டிலில் கிடக்கிற மனுசனின் இடுப்பை அமுக்கிப் பார்ப்பார்களோ. காது மூடிப் போனாளே அவளுக்கு என்ன ஆச்சோ, பேரைக்கூடக் கேட்கவில்லை. பையைத் திறந்து செபமாலையைத் தேடினாள், எந்த மணியில் விட்டோம் என்று எப்போதோ மறந்துபோயிருந்தது. பஸ் இன்னும் வரவில்லை. “ஜெனி” என்றாள், “சாயங்காலம் போய் பஞ்சவர்ணம் பெரியம்மாகிட்ட அந்த நாற்காலிய ஒரு வாரத்துக்கு நம்ம வீட்டுல கெடக்கட்டும்னு கேட்டு வாங்கிட்டு வந்துரு.” பிள்ளை சட்டென்று திரும்பியது. “உனக்குப் பைத்தியமாம்மா?” ஒரு வாரத்துக்குப் பிறகு பேசிய முதல் முழுப் பேச்சு. “வயசான மனுசன் வர்றேங்கிறாரு. தரையிலயா உக்கார வைக்கச் சொல்ற?” என்று இவளும் கத்தினாள். பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெனிட்டா அம்மாவை வெறித்துப் பார்த்தாள். அவள் உதடு கோணியது, அது சிரிப்பா அழுகையா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. “அப்ப பெரியம்மா பேரு தெரியிற மாதிரி திருப்பிப் போடு” என்றாள். பேர் இருப்பது முதுகுப் பக்கம். அது தெரிய வேண்டுமென்றால் நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட வேண்டும். வீட்டுக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்தா உட்காருவார்கள்?

உட்காரட்டும் என்று நினைத்தாள் பிலோமினாள்.